தட்டின் அடிப்புறம்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்தாலும், யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், சோறு விழுவதற்கு முன் தட்டைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர் மண் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சாப்பாடு. இது வேடிக்கைக்காக அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதல்ல என்பதை 2013ல் முதல் தடவை அங்கே போனபோதே கண்டேன். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு சின்ன டீக்கடையில், பக்கத்து மேஜைக் கிழவர் தன் சாஸரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் எதுவும் சொல்லாமல் கீழே வைத்தார். முகம் மட்டும் ஒரு மாதிரியாகிவிட்டது. நானும் என்னுடையதைத் திருப்பினேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் மட்பாண்டக் கலை விழாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிரிட்டிஷ் ஸெராமிக்ஸ் பைனியல் என்று பெயர். 2009ல் தொடங்கியது. நம் வட்டத்தில் ஒரு நண்பர், நான் இந்த விழாவைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ‘அது செத்த தொழிலுக்கு நடத்தும் பதின்மூன்றாம் நாள் காரியம். சவுண்டிக்குப் பதிலாகக் கலைஞர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்’ என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அவருக்கு அன்று பதில் சொல்ல முடியாமல் போனதும் ஒரு காரணம். இதைப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், முழுப் பதிலல்ல.

நண்பர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. தேதிகளைப் பாருங்கள். ஸ்போட் தொழிற்சாலை, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசையா ஸ்போட் ஆரம்பித்து, அதே இடத்தில் இருநூறு வருஷங்களுக்கு மேல் ஓடியது, 2008ல் மூடப்பட்டது. வெட்ஜ்வுட் 2009 ஜனவரியில் திவாலாகி நிர்வாகிகள் கைக்குப் போனது. பர்ஸ்லெமில் ராயல் டவுல்டனின் நைல் தெரு ஆலை அதற்கு முன்பே, 2005ல், இழுத்து மூடப்பட்டுவிட்டது. விழா ஆரம்பித்தது 2009. 2011லிருந்து சில காலம் அதன் முக்கிய அரங்கமாக இருந்தது மூடிக்கிடந்த ஸ்போட் ஆலையேதான். ஆள் போன மறு வருஷம் வீட்டில் கச்சேரி. சந்தேகப்படுவதில் தவறில்லை.

ஊரைப் பற்றி நாலு வார்த்தை. ஸ்டோக் என்பது உண்மையில் ஆறு ஊர்கள்: டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910ல் ஒன்றாக்கினார்கள். 1925ல் நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது. நாவலாசிரியர் ஆர்னல்ட் பென்னட் ஐந்து ஊர்கள் என்றே எழுதிவிட்டுப் போனார். விட்டுப்போன ஃபென்டன்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை என்று கேள்வி. அங்கே தோண்டினால் கிடைத்தது செம்மண்ணும், நீளச் சுவாலையோடு எரியும் நிலக்கரியும். வெள்ளைப் பீங்கானுக்கு வேண்டிய மண் அங்கே இல்லை. அது தெற்கே கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வரவேண்டும். நிலக்கரிதான் அதிகமாகத் தீரும் சரக்கு, ஆகவே மண் நிலக்கரியைத் தேடி வந்தது. அதற்காகத்தான் கால்வாய். 1766ல் ட்ரென்ட்-மெர்ஸி கால்வாய்க்கு முதல் மண்வெட்டி போட்டவர் வெட்ஜ்வுட். போத்தல் வடிவத்தில் செங்கல் சூளைகள், ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேல், இந்த ஆறு ஊர்களிலும் புகைந்தன. இன்று ஐம்பதுக்கும் குறைவாகவே நிற்கின்றன. 1956ல் வந்த புகைத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு அவை அணையத் தொடங்கின. கடைசியாக ஒன்றை நிலக்கரி போட்டு எரித்தது 1978ல், லாங்டனில். அதுவும் எப்படி எரிப்பது என்று தெரிந்த கிழவர்கள் உயிரோடிருக்கும்போதே ஒரு தடவை செய்து பார்த்துப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மியூசியம்காரர்கள் செய்த ஏற்பாடு.

இனி அடிப்புறத்துக்கு வருகிறேன். தட்டின் அடியில் பெரிதாக இருப்பது கம்பெனியின் முத்திரை. அதன் பக்கத்தில், கண்ணுக்குச் சட்டென்று படாமல், ஒரு சின்னக் கோடு, ஒரு புள்ளி, ஒரு எண், சில சமயம் ஓர் எழுத்து, கையால் போட்டிருக்கும். வர்ணம் தீட்டியவளோ தங்க விளிம்பு இழுத்தவனோ போட்டது. கையெழுத்து என்று நாம் மயங்கவேண்டாம். வாரக் கடைசியில் எத்தனை உருப்படி என்று எண்ணிக் கூலி கொடுப்பதற்காகப் போட்ட அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ‘சூளையிலிருந்து நன்றாக வந்தது’ என்று அதற்குப் பெயர். வனைந்தவனுக்கு, அவன் வனைந்த எல்லாவற்றுக்கும் கூலி கிடையாது. சூளையிலிருந்து பழுதில்லாமல் வெளியே வந்தவற்றுக்கு மட்டும்தான். சூளையில் அடுக்கியவன் வேறொருவன், தீ மூட்டியவன் மூன்றாமவன். அவர்கள் கை பிசகி வெடித்துப் போனால் நஷ்டம் வனைந்தவனுடையது. 1836ல் அங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு குறை. தோற்றுப்போனார்கள்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த விழாவில் நான் கண்ட நல்லது கெட்டது எல்லாமே கடைசியில் ஒரு கேள்வியில் வந்து முட்டுகிறது: யாருடைய அடையாளம், எதன் அடியில்?

2013ல் பர்மிங்ஹாமில் என் தங்கை வீட்டிலிருந்தேன். அங்கிருந்து ஸ்டோக் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். ஸ்போட் ஆலையின் சைனா ஹால் என்ற பெரிய கூடத்தில் விழா. கூடம் என்றால் சாதாரணக் கூடமல்ல. ஒரு கோடியில் நிற்பவரின் முகம் மறுகோடிக்குத் தெரியாது. குளிர். சுவரில் வர்ணம் பட்டை பட்டையாக உரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிதிலத்தை யாரும் மறைக்க முயலவில்லை. மறைக்காதது மட்டுமல்ல, அதையே ஒரு அலங்காரமாக ஆக்கியிருந்தார்கள் என்பதுதான் என் முதல் எரிச்சல். உடைந்த பிளாஸ்டர் அச்சுகளை வரிசையாக அடுக்கிவைத்தால் போதும், சோகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை அங்கே பலருக்கு இருந்தது. நமக்கு இது தெரியாத வியாதியல்ல. இடிந்த வீடு, ஒற்றைச் செருப்பு, துருப்பிடித்த சாவி என்று மூன்று பொருள்களை எடுத்துவைத்துவிட்டுக் கவிதை என்று அனுப்புகிறவர்கள் நம்மிடையே இல்லையா? சிதிலம் தன்னால் பேசாது. அதற்குப் பேச வராது. பேசவைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அதற்கான விலையைக் கொடுத்திருக்கவேண்டும்.

விலை கொடுத்த ஒருவரையும் அங்கே பார்த்தேன். நீல் பிரௌன்ஸோர்ட். அதே ஊர்க்காரர். எண்பதுகளில் வெட்ஜ்வுட்டில் உருவமைப்பாளராக அப்ரென்டிஸ் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கலைப் படிப்புக்குப் போனவர். ஆலைகளின் கழிவை, சூளையில் விழுந்த துண்டு துணுக்கை, வார்ப்பில் மிஞ்சிய பிசிறைப் பொறுக்கி வந்து அதிலிருந்து செய்பவர் என்பது கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த வருஷம் அவர் ஒரு பொருளையும் செய்யவில்லை. ஆலைகளில் பீங்கானுக்கு வர்ணம் தீட்டிய ஆன்டனி சாலினர் என்ற கைதேர்ந்த ஓவியரைக் கூட்டிவந்து உட்கார்த்தியிருந்தார். ‘தேசியப் பொக்கிஷம்’ என்று அதற்குத் தலைப்பு. ஜப்பானில் கைவினையாளர்களுக்கு அரசாங்கம் தரும் பட்டத்தின் எதிரொலி. இங்கிலாந்தில் அப்படி ஒரு பட்டமும் கிடையாது என்பது தலைப்பிலேயே இருக்கும் குத்தல். அவருக்குக் கொடுத்த தட்டுகள் எறியப்பட்டவை. அவர் தீட்டியது தட்டுகளின் பின்புறத்தில். தீட்டிய காட்சி, அந்தத் தொழிலின் பாழடைந்த கட்டடங்கள்.

இதன் கூர்மையை நான் அங்கே நிற்கும்போது முழுதாக உணரவில்லை. ஸ்போட் ஆலைக்கு மிகுந்த பணம் சம்பாதித்துக் கொடுத்த சித்திரங்களில் ஒன்று 1816ல் வந்த ‘நீல இத்தாலியன்’. அதில் என்ன இருக்கிறது? இத்தாலியில் எங்கோ இடிந்து கிடக்கும் பழைய ரோமானியக் கட்டடம், பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள். இருநூறு வருஷமாக இங்கிலாந்து மத்தியதரக் குடும்பங்கள் இன்னொருவருடைய இடிபாட்டின் மேல் உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. அழகாகத்தான் இருந்தது, ஏனென்றால் இடிந்தது தூரத்தில். அதே சாந்தமான மரங்கள், அதே மெதுவான மேகம், அதே பயிற்சி பெற்ற தூரிகை. ஆனால் இப்போது இடிந்திருப்பது ஓவியர்களும் வனைபவர்களும் உட்கார்ந்து வேலை செய்த இடமே. அது தட்டின் முகத்தில் அல்ல, கம்பெனி முத்திரையும் கூலிக் கோடும் இருக்கும் புறத்தில். இந்த இடத்தில் உருவமும் உள்ளடக்கமும் வேறு வேறு என்று யாராவது எனக்குப் பிரித்துக் காட்டட்டும், பார்க்கிறேன்.

ஆனாலும் அன்று எனக்கு ஏற்பட்டது ரஸானுபவம் மட்டுமல்ல, வெட்கமும்தான். அவரைச் சுற்றி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சுக் காட்டாமல் நின்றோம், சன்னிதியில் நிற்கிற மாதிரி. என் அருகில் வயதான ஒரு அம்மாள். தானும் இருபது வருஷம் பீங்கான் வேலை செய்தவள் என்று சொன்னாள். அவள் மெதுவாக என்னிடம், ‘நாங்கள் வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் அது போர்மன்தான்’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். நான் இரண்டடி நகர்ந்து பக்கவாட்டில் போய் நின்றுகொண்டேன். அதனால் என்ன மாறிவிட்டது என்று தெரியவில்லை.

பிரௌன்ஸோர்ட் இதே வழியில் இன்னும் தூரம் போனார். ரீட்டா ஃப்ளாய்ட் என்ற பெண்மணி பீங்கான் பூக்கள் செய்கிறவர். களிமண்ணை உள்ளங்கையில் உருட்டி, விரல் நுனியால் அழுத்தி இதழ் இதழாகச் சேர்த்து ரோஜாவாக்குவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு இதழ். ஒவ்வொரு இதழிலும் ரேகை பதிந்திருக்கும். 2017ல் கொரியாவில், கியோங்கி மட்பாண்ட பைனியலுக்காக ‘ஃபாக்டரி’ என்ற நிகழ்வை அமைத்தபோது, பிரௌன்ஸோர்ட் அவரிடம் கேட்டுக்கொண்டது: பூக்களைச் செய்யுங்கள், செய்ததைக் கழிவாகப் போட்டுவிடுங்கள். பூக்கள் குவிந்தன. நான் இதை நேரில் பார்க்கவில்லை, ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கைகளின் அலட்சியமான நேர்த்தியும், செய்து முடித்த மறுகணமே அது குப்பையாவதும். அந்த விழாவின் பெரிய பரிசு பிரௌன்ஸோர்டுக்கு முன்பே, 2015ல், கிடைத்திருந்தது.

இங்கேதான் என் நண்பரின் குரல் கேட்கிறது. புகழ் யாருக்கு? பிரௌன்ஸோர்டுக்கு. பூச்செய்தது யார்? ரீட்டா ஃப்ளாய்ட். பழைய முதலாளி பூவை விற்றான், புதிய கலைஞன் பூ குப்பையாவதை விற்கிறான்; இரண்டிலும் அவள் கூலிக்காரி. இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிடத் தயாரில்லை. ஆனால் இது பாதி தூரம்தான் போகிறது. ‘சூளையிலிருந்து நன்றாக வந்தது’ என்ற பழைய கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுதான உருப்படிக்கு மதிப்பில்லை; பழுதில்லாத உருப்படியின் வழியாகத்தான் உழைப்புக்கே மதிப்பு. இங்கே உருப்படியைக் கழித்துவிட்டார்கள். பூ இல்லை. மிஞ்சுவது அந்தக் கையின் அறிவு மட்டும், விற்க முடியாத நிலையில். பூக்களை அலமாரியில் வைத்திருந்தால் நாம் பூக்களைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். மேலும், நிகழ்வின் விவரங்களில் அவர் பெயர் இருக்கிறது. இருநூறு வருஷத்துப் பூக்காரிகளில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? போதாது என்று நண்பர் சொல்வார். போதாதுதான். ஆனால் போதாததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தில்தான் கலை சம்பந்தமாக நாம் ஏதாவது பேச முடிகிறது.

சற்று விலகிப் போக அனுமதிக்கவேண்டும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம், ஒன்பது இதழ். லெட்டர் பிரஸ். அச்சுக்கோத்தவர் ஒரே ஆள், வயது ஐம்பதுக்கு மேல். ஈய எழுத்தைத் தலைகீழாகவும் இடவலமாற்றியும் நம்மைவிட வேகமாகப் படிப்பார். என் கவிதை ஒன்றில் ஒரு வரி ஸ்டிக்கில் அடங்காமல் போனபோது, எங்கே உடைப்பது என்று அவர் யோசித்து உடைத்ததுதான் இன்றும் அந்தக் கவிதையின் வடிவம். அதைப் பாராட்டி ஒருவர் கடிதம் எழுதினார். பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்பது இதழ்களில் அந்த மனிதரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் உழைப்பு இதழில் பகிரங்கமாக வெளிப்பட்ட ஒரே இடம், கடைசிப் பக்கத்தில் நாங்கள் போட்ட பிழை திருத்தம். உருவம், உருவம் என்று தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மட்பாண்டக் கலையில் இந்த மறதிக்கு ஒரு தத்துவமே இருந்தது. பெர்னார்ட் லீச், 1887ல் ஹாங்காங்கில் பிறந்தவர், ஜப்பானில் கற்றுக்கொண்டு 1920ல் ஹமடா ஷோஜியோடு கார்ன்வாலில் ஸென்ட் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊரில் பட்டறை வைத்தார். 1940ல் அவர் எழுதிய கைநூல் இங்கிலாந்தில் இரண்டு தலைமுறைக்கு வேதம். மட்பாண்டம் கலையாகும் என்பதை அந்த நாட்டுக்குச் சொன்னவர் அவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டோக்கை அவர் உயிரற்ற தொழிலாகத்தான் பார்த்தார். பெயர் தெரியாத கிராமத்துக் குயவனின் பணிவான அழகு என்று யானகி ஸோயட்ஸு சொன்னதில் அவருக்குப் பக்தி. முரண்பாடு என்ன? ஸென்ட் ஐவ்ஸ் பானையின் அடியில் முத்திரை உண்டு. அந்த முத்திரைக்காகத்தான் இன்று ஏலத்தில் விலை. உண்மையாகவே பெயர் தெரியாத பல்லாயிரம் பேர் இருநூறு மைலுக்கு வடக்கே, ஈய விஷத்திலும் சிலிக்காத் தூசி அடைத்த நுரையீரலோடும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய அநாமதேயம் மட்டும் தத்துவத்துக்குள் வரவில்லை. அநாமதேயம் அழகாக இருக்கவேண்டுமானால் அது ஜப்பானிலோ கொரியாவிலோ, அல்லது கடந்த காலத்திலோ இருக்கவேண்டும் போலிருக்கிறது.

நீலத் தட்டுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1810களில் ஸ்போட் ‘இந்திய வேட்டை’ என்று ஒரு வரிசை வெளியிட்டது. சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் காட்சிக்குக் ‘கரடியின் மரணம்’ என்று பெயர். வில்லியம்ஸன் என்ற ராணுவ அதிகாரி வங்காளத்தில் கண்டதை எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு சாமுவேல் ஹோவிட் படம் போட்டார். ஹோவிட் இந்தியாவைப் பார்த்ததில்லை. அந்தப் படத்தைச் செம்புத் தகட்டில் செதுக்கியவரும் பார்த்திருக்கமாட்டார். செம்புத் தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் நீலத்தைத் தேய்த்து, மெல்லிய காகிதத்தில் எடுத்து, அந்தக் காகிதத்தை ஒருமுறை சுட்ட தட்டில் ஒட்டி, முரட்டுப் பிரஷால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் காகிதத்தைக் கழுவி எடுப்பார்கள். நீலம் மட்டும் தங்கிவிடும். தேய்த்தவர்கள் பெண்கள். பெண்கள் தேய்க்கத் தேய்க்க எங்கள் காடு அங்கே தங்கியது.

2013ல் ஃபீபி கம்மிங்ஸ் இந்தத் தட்டை எடுத்துக்கொண்டார். 2011ல் இதே விழாவில் விருது பெற்றவர். சுடாத பச்சைக் களிமண்ணில்தான் வேலை செய்வார், வேலை முடிந்ததும் அது கலைக்கப்படும். ‘கரடியின் மரணத்துக்குப் பின்’ என்று தலைப்பு. தட்டின் நிலக்காட்சியிலிருந்து கிளைத்த செடிகொடிகள், இலை இலையாக, நரம்பு நரம்பாக, ஈரமண்ணில். நான் போன நாளில் சில இடங்கள் காய்ந்து வெளுத்திருந்தன. நீலம் கிடையாது. மண் நிறம்தான். தட்டில் சுட்டு, மெருகேற்றி, நிரந்தரமாக்கி, லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பிய ஒரு பொய்யான காட்டை, மறுபடி மண்ணாக்கி, சாக விட்டிருந்தார். இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். அங்கே நின்றபோது எனக்கு முதன்முதலாகத் தோன்றியது, நண்பர் சொன்ன பதின்மூன்றாம் நாள் காரியம் என்பது அவ்வளவு மட்டமான விஷயமா என்று. காரியத்தைச் சரியாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

மறுபடி போக எனக்குப் பத்து வருஷமாயிற்று. 2023ல் விழா ஸ்போட்டில் இல்லை. ஹான்லியில் ஆல் ஸெய்ன்ட்ஸ் தேவாலயத்துக்கு மாறியிருந்தது. சிதிலத்தின் இலவச உதவி இல்லாமல் கலைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எனக்கு. பல வேலைகள் இளைத்துத்தான் போயிருந்தன. கெட்டிக்காரத்தனம் நிறைய. மெருகின் மேல் மெருகு, வெடிப்பின் மேல் வெடிப்பு, பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெல்லா ஷாவின் ‘ஸௌண்டிங் லைன்’ அந்த வருஷத்தின் விருதைப் பெற்றது. விருது சரியான இடத்துக்குப் போவது அபூர்வம், போயிருந்தது. போன் சைனா என்பது எலும்புச் சாம்பல் சரிபாதி, கயோலின் என்ற வெள்ளை மண் கால், கார்ன்வால் கல் கால். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் இதைச் செம்மைப்படுத்தியது ஸ்போட் குடும்பம். அந்த வெண்மைக்கும் வெளிச்சம் ஊடுருவும் மென்மைக்கும் காரணம் மாட்டெலும்பு. ஒரு தேநீர்க் கோப்பையில் பாதி எலும்பு என்பதை யாரும் நினைப்பதில்லை. ஷா, கரை ஒதுங்கிச் செத்த திமிங்கிலத்தின் எலும்பைச் சுட்டு மண்ணில் சேர்த்தார். திமிங்கிலத்தின் உட்செவி எலும்பின் வடிவத்தில், ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் உருவங்கள். அவற்றைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். தொட்டேன். அதிர்ந்தது. போர்க்கப்பல்களின் ஸோனார் ஒலிதான் திமிங்கிலங்களின் திசையறிவைக் குலைத்துக் கரைக்குத் தள்ளுகிறது என்பது அதன் விஷயம். கயிற்றில் ஓடியது அந்த ஒலியின் துடிப்பு.

விஷயம் எனக்கு முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சூழல் பற்றிய கவலையோடு வரும் கலை எத்தனையோ வந்து போகிறது, பெரும்பாலானது சுவரொட்டி. இது சுவரொட்டி ஆகாததற்குக் காரணம், சொல்லவந்தது பொருளுக்குள் புகுந்துவிட்டது. எலும்பு எலும்பைப் பற்றிய உவமையல்ல அங்கே, எலும்பேதான். இந்த ஊர் இருநூறு வருஷமாகச் செத்த பிராணியின் எலும்பை அழகாக்கி விற்ற ஊர். அந்தக் கைமுறையை எடுத்து, அது மறைத்த சாவை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஸ்டோக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத இந்த வேலைதான், நான் அங்கே பார்த்தவற்றில் ஸ்டோக்கை மிக நெருங்கியது. இடிந்த ஆலை தேவைப்படவில்லை. தொழிலின் அறிவு தேவைப்பட்டது.

நண்பருக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. தொழில் செத்தது, கலை வந்தது என்ற வரிசையே பிசகு. தொழில் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. பர்ஸ்லெமுக்கருகே மிடில்போர்ட் ஆலையில் அந்தச் செம்புத் தகடும் மெல்லிய காகிதமும் இன்றும் நடக்கின்றன. 2024ல் உலகக் கைவினை நகரம் என்ற பட்டம் ஸ்டோக்குக்குக் கிடைத்தது. மறு வருஷம், 2025 பிப்ரவரியில், பர்ஸ்லெமில் ராயல் ஸ்டாஃபர்ட் ஆலை மூடப்பட்டது. ஏப்ரலில் மூர்க்ராஃப்ட், சூளை எரிக்கும் எரிவாயுவின் விலை கட்டுப்படியாகவில்லை. சில வாரங்களில் அதை நிறுவியவரின் பேரன் வாங்கி மறுபடி திறந்தார். இந்தப் போக்கில் விழா எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும். சாவின் மேல் நடக்கும் வியாபாரமும் அங்கே உண்டு, ஒரு கையின் அறிவு இன்னொரு கைக்கு மாறும் இடமும் அங்கேதான். முதலாவதற்கு விளம்பரம் அதிகம். இரண்டாவது நடந்ததா என்று அந்த அந்த வேலையின் முன்னால் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நண்பர் போய்ப் பார்க்காமல் சொன்னார் என்பது என் குற்றச்சாட்டு. அவர் சொன்ன பிறகுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2023ல் திரும்பும்போது ஹான்லியில் ஒரு பழைய சாமான் கடையில் ஒற்றைக் கோப்பை வாங்கினேன். சாஸர் இல்லை. காதின் அருகே மெருகில் ஒரு குத்துப்புள்ளி, அதனால் இரண்டாந்தரம், ஒன்றரைப் பவுன். தங்கை அதைக் கழுவும்போது திருப்பிப் பார்த்து, ‘அண்ணா, இதென்ன, யாரோ சிவப்பு மையால் கிறுக்கியிருக்கிறார்கள், தேய்த்தால் போகவில்லை’ என்றாள். கம்பெனி முத்திரைக்குக் கீழே, இடது பக்கம் சாய்ந்து, இரண்டு சிறு கோடுகளும் ஒரு புள்ளியும். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடச் சற்று நீளம். அவசரத்தில் போட்டிருக்கவேண்டும்.